மூலைக் கிண்ணம்

யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் அவள் முதலில் தட்டைத் திருப்பிப் பார்ப்பாள். பரிமாறுகிறவர் கரண்டியோடு வந்து நிற்பார். இவள் தட்டின் அடியில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவருக்கு முதுகு வேர்த்துவிடும்.

“அடியில என்ன புதையலா இருக்கு? கீழ வை. எல்லாரும் பார்க்கிறாங்க.”

“நம்ம பட்டறைத் தட்டுங்க. இங்க பாருங்க, இந்தத் தையல் என்னோடது.”

“உன்னோடதுன்னா எடுத்துப் பையில போட்டுக்க. முதல்ல சாப்பாட்டை வாங்கு.”

கணவர் தையல்காரர். துணியில் போடுகிற தையல் வெளியே தெரியக் கூடாது என்பது அவர் தொழில். அவள் போடுகிற தையல் தெரியத்தான் செய்யும். தட்டின் அடிப்பக்கத்தில், விளிம்புக்குச் சற்று உள்ளே, மயிரிழை மாதிரி ஒரு கோடு. சொல்லிக் காட்டினால்தான் மற்றவர் கண்ணுக்குப் படும். சொல்லாமல் இருக்க அவளால் முடிந்ததில்லை.

பட்டறையில் அவளைத் திருப்பியக்கா என்றார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது. ஒல்லி உடம்பு. உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் விரல் எதையாவது தேடும். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தாலும் இறங்குகிற வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். தூங்கும்போதாவது சும்மா இருப்பாளா என்று கணவரைக் கேட்டால், “போர்வை ஓரத்தைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்ப்பா. காலையில நான் தைக்கணும்” என்பார்.

பட்டறையில் செய்வது சக்கைத் தட்டும் சக்கைக் கிண்ணமும். ஒருமுறை சாப்பிட்டு எறிந்தால் மண்ணோடு மண்ணாகிவிடுகிற சாமான். சாறு பிழிந்த கரும்பின் சக்கையை வேகவைத்து அரைத்து, நிறையத் தண்ணீரோடு தொட்டியில் கலக்கி வைத்திருப்பார்கள். பார்த்தால் நீர்த்துப்போன பால் மாதிரி இருக்கும். ஒரு பலகையில் ஒன்பது கிண்ண அச்சுகள். அச்சு முழுக்கத் துளைகள். அதற்கு மேலே சட்டை போட்ட மாதிரி மெல்லிய கம்பி வலை. பலகை தொட்டிக்குள் முங்கியதும் பின்னாலிருந்து உறிஞ்சுவார்கள். தண்ணீர் வலை வழியாக உள்ளே போய்விடும். நார் மட்டும் வலை மேல் படியும். பலகை மேலே வரும்போது ஒன்பது ஈரக் கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றைச் சூட்டு அச்சுக்கு மாற்றி அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். திறந்தால் காய்ந்த கிண்ணம், மொடமொடவென்று.

இதில் அந்த வலைச் சட்டைதான் அவள் வேலை. வலையை வெட்டி, அச்சின் வளைவுக்கு விரலால் நீவி, சுருக்கம் விழாமல் மடித்து, விளிம்பில் மெல்லிய கம்பியால் தைக்க வேண்டும். சுருக்கம் விழுந்தால் கிண்ணத்தில் மடிப்பு விழும். கிழிந்தால் நார் உள்ளே போய்க் குழாயை அடைக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. முதலில் வந்த வலைகளைப் பிரித்துப் பார்த்து, பிரித்ததைத் திரும்பத் தைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

அதற்கு முன்னால் அவள் அப்பாவின் கடையில் இருந்தவள். பற்றவைக்கிற கடை. கெட்டில், வாளி, எண்ணெய் டின், லாரி ரேடியேட்டர் என்று ஒழுகுகிற சாமான் எல்லாம் அங்கே வரும். ஓட்டையைக் கண்டுபிடி, சுரண்டிச் சுத்தம் செய், ஒரு சொட்டு ஈயம் வை, தண்ணீர் ஊற்றிப் பார், அடுத்ததை எடு. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக அவள் கை பழகியது அதில்தான். அந்தக் கைக்கு ஓட்டை என்றால் எதிரி. கண்டால் அடைத்தாக வேண்டும்.

பட்டறைக்கு வந்த பிறகு எல்லாம் தலைகீழ். இங்கே வேலை செய்வதே ஓட்டைகள்தான். வலையின் ஒவ்வொரு கண்ணும் தண்ணீரை இழுக்க வேண்டும். இழுக்கிற இடத்தில்தான் நார் வந்து படியும். இது அவள் புத்திக்கு என்றைக்கோ புரிந்துவிட்டது. கைக்கு முழுக்கப் புரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கு ஒரே ஒரு தங்கை. பத்து வயது இளையவள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் சின்னவளுக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூடத்தில் விட்டது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது எல்லாம் அக்காதான். சின்னவள் துணிக்கடையில் வேலை பார்த்தாள், விட்டாள். பல் வைத்தியரிடம் பெயர் கூப்பிடுகிற வேலை பார்த்தாள், விட்டாள். பேக்கரி, போன் கடை, மறுபடி துணிக்கடை. கல்யாணமாகி, கணவர் மூன்று சக்கர வண்டியில் சாமான் ஏற்றிப் போகிறவர். குழந்தை இல்லை. ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்து, தள்ளுவண்டி வாங்கப்போகிறேன், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் சூப் விற்கப்போகிறேன் என்று சொன்னாள். சொல்லும்போது முகம் ஜொலித்தது. அக்கா கேட்டது ஒரே கேள்வி.

“எத்தனை மாசத்துக்கு?”

சின்னவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“நீ என்னை வளர்த்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிற. நீ என்னை வளர்க்கல அக்கா. தூக்கித் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்த. எங்க ஓட்டை இருக்கு, எங்க ஓட்டை இருக்குன்னு.”

அன்றைக்குப் போனவள் வரவில்லை. போன் எடுக்கவில்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போனாள். நடுவில் அல்லாடியது சின்னவளின் கணவர்தான். “அக்கா, நான் இங்க வந்தது அவளுக்குத் தெரியாது” என்று சொல்லிக்கொண்டே வருவார். அடுத்தநாளே எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கத் திருப்பியக்காவுக்கு வராது. வாயைத் திறந்தால் இன்னொரு கேள்விதான் வெளியே வரும். அதனால் அவள் கையால் செய்யக்கூடிய ஒன்றை யோசித்தாள். சூப்புக்குக் கிண்ணம் வேண்டுமே.

பட்டறையில் புது வலை மாட்டினாலும் பழைய வலையைச் சரிசெய்தாலும் முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். அந்தக் கிண்ணங்கள் விற்பனைக்குப் போகாது. வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். போன வாரம் கிண்ணப் பலகையில் மூலை அச்சின் வலை கிழிந்திருந்தது. கூழில் ஏதோ கல் வந்து குத்தியிருந்தது. அரிசி அளவுக் கிழிசல். புது வலைச் சுருள் வந்து சேரவில்லை. வலை வரட்டும் என்று பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கலாம். ஆனால் அன்று வெள்ளோட்டம் விட்டால்தான் கிண்ணம் கிடைக்கும். சின்னவள் கடை திறக்கிற நாளும் நெருங்கிவிட்டது. அவள் அப்பா கடையின் பழைய பற்றவைப்புக் கோலைச் சூடுசெய்தாள். கிழிசல் மேல் ஒரு சொட்டு ஈயம் வைத்தாள். அழகாகப் பிடித்துக்கொண்டது. அப்பா இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

வெள்ளோட்டத்தில் முதல் பலகை மேலே வந்ததும், சூட்டு அச்சுக்குப் போவதற்கு முன், ஒவ்வொரு ஈரக் கிண்ணத்தின் அடியையும் பார்க்க வேண்டும். அது அவளே கொண்டுவந்த வழக்கம். ஒருநாளும் தவறியதில்லை. அன்றைக்கு வாசலில் தங்கை கணவரின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. “அக்கா, சுமை நிக்குது, போகணும்.” காய்ந்து வந்த கிண்ணங்களை மட்டும் புரட்டிப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தன. ஒரு அட்டைப்பெட்டி நிறைய அடுக்கிக் கட்டிக்கொடுத்தாள்.

“யார் குடுத்ததுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?”

“கேட்க மாட்டா. அடியில தையல் இருக்கும்.”

அன்று மாலையே பலகையைக் கழற்றிவிட்டுத் தட்டுப் பலகையை மாட்டினார்கள். ஆகவே ஈயம் வைத்த பிறகு அந்த மூலை அச்சிலிருந்து பிறந்த கிண்ணங்கள் உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெட்டியில் மட்டும்தான்.

இன்று காலை கிண்ணப் பலகை மறுபடி ஏறியது. அச்சு இயந்திரத்தில் நிற்கிறவர் பருத்த மனிதர், எதையும் நிதானமாகச் செய்கிறவர். எல்லோரும் அவரைப் பெரியப்பா என்பார்கள். முதல் பலகை மேலே வந்ததும் அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

“திருப்பி, இங்க வா. உன் மூலைக் கிண்ணத்துக்குத் தொப்புள் விழுந்திருக்கு.”

அவள் குனிந்தாள். எட்டுக் கிண்ணங்களின் அடியும் ஒரே தடிமனில் வெள்ளையாக இருந்தது. ஒன்பதாவதன் நடுவில் நகம் பதிந்த மாதிரி ஒரு பள்ளம். அரிசி அளவு. உள்ளே ஈயம் மின்னியது. அங்கே வலைக்குக் கண் இல்லை. உறிஞ்சல் இல்லை. நார் வரவில்லை. ஓரத்திலிருந்து நீண்ட நாலைந்து இழைகள் மட்டும் பாலம் மாதிரி கிடந்தன.

“சூட்டுல அழுத்தினா சரியாயிடும் போல” என்றார் பெரியப்பா. “மேல பார்த்தா தெரியாது.”

“அதுதான் பெரியப்பா. மேல பார்த்தா தெரியாது.”

பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நிற்கும். பொரி, பழத்துண்டு எது வைத்தாலும் நிற்கும். கொதிக்கிற சூப்பை ஊற்றினால் முதலில் வியர்க்கும், பிறகு இளகும், பிறகு கீழே யாருடைய உள்ளங்கை இருக்கிறதோ, மடி இருக்கிறதோ, அதன் மேல் மொத்தமாக இறங்கும். ஆஸ்பத்திரி வாசல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்கள். இன்றைக்குத்தான் சின்னவளின் கடைத் திறப்பு.

“மூலையை அடைச்சிட்டு எட்டு மட்டும் ஓட்டுங்க. முதலாளி கேட்டா என் தப்புன்னு சொல்லுங்க” என்று சொல்லும்போதே மேலங்கியைக் கழற்றிவிட்டாள்.

தங்கைக்குப் போன் போட்டாள். அடித்தது, அவள் எடுக்கவில்லை. தங்கை கணவருக்குப் போட்டாள். அவர் ஊருக்கு வெளியே சுமையோடு நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, அவகிட்ட சொல்லுங்க. நான் குடுத்த கிண்ணத்துல சூடா எதையும் ஊத்த வேண்டாம்னு சொல்லுங்க. உடனே.”

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவர் திரும்பக் கூப்பிட்டார். குரல் சுருங்கியிருந்தது.

“சொன்னேன் அக்கா. சொல்லியிருக்கக் கூடாது. இன்னொரு கம்பெனிக் கிண்ணமும் வாங்கி வச்சிருக்கா, அதுல ஊத்திக்கிட்டு இருந்தா. நான் சொன்னதும், ‘அக்கா வேண்டாம்னு சொன்னாளா, அப்ப அதுலதான் ஊத்துவேன்’னு உங்க பெட்டியைப் பிரிச்சிட்டா.”

பேருந்து வந்தது. ஏறினாள். வாசலிலேயே நின்றாள். உட்காரச் சொன்ன நடத்துநரை முறைத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் நிதானமாக இறங்கினார்கள், நிதானமாக ஏறினார்கள். ஒரு பெரியவர் படியில் கால் வைத்துவிட்டு, இது எங்கே போகிற வண்டி என்று கேட்டார், பதில் கேட்டுவிட்டு இறங்கிக்கொண்டார். சிக்னலில் சிவப்பு. பச்சை. வண்டி நகருவதற்குள் மறுபடி சிவப்பு. அவள் கைப்பிடிக் கம்பியில் கட்டைவிரலை மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அதில் சொரசொரப்பாக ஒரு இடம் தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். பற்றவைத்த இடம். யாரோ நன்றாகத்தான் வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே நெரிசல் இறுகிவிட்டது. இறங்கி நடந்தாள். நடை ஓட்டமானது. வருகிறவர்கள் கையை எல்லாம் பார்த்தாள். யார் கையிலும் கிண்ணம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

வண்டி மஞ்சள் நிறத்தில் புதுப் பெயின்ட் வாசனையோடு நின்றது. பெரிய பாத்திரத்திலிருந்து ஆவி பறந்தது. முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசை. ஓரமாக நின்று நாலு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் தலையில் துணி கட்டி, கரண்டியும் கையுமாக இருந்தாள். அக்கா வந்ததைக் கவனிக்கவில்லை.

அக்கா நேராக அவளிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. குடித்துக்கொண்டிருந்தவர்களைத்தான் அவள் கண் தேடியது. அதில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு, குழந்தையின் தொடைக்கு மேலே கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தாள். இன்னொருவருக்கு ஒரு கையில் கட்டு. மற்றக் கை விரல்கள் ஐந்தும் கிண்ணத்தின் அடியில். திருப்பியக்கா அவர்கள் காலடியில் குனிந்து, கழுத்தைத் திருப்பி, கிண்ணங்களின் அடியை அண்ணாந்து பார்த்தாள்.

கட்டுப்போட்டவர் பின்வாங்கினார். “என்னம்மா தேடுறீங்க?”

“ஒண்ணுமில்ல. தோடு... தோடு விழுந்துடுச்சு.”

அவ்வளவுதான். வரிசையே குனிந்துவிட்டது. “தங்கமா?” என்றார் ஒருவர். “திருகு இருந்ததா?” என்றாள் இன்னொருத்தி. குழந்தைக்காரி கிண்ணத்தை வண்டி ஓரத்தில் வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தாள். அந்த வகையில் பொய்க்கு ஒரு பலன் கிடைத்தது. இரண்டு கிண்ணங்களைப் பார்த்தாயிற்று, சரியாக இருந்தன. மூன்றாவதன் அடியில் நுழையும்போது தலைக்கு மேலே குரல் கேட்டது.

“ரெண்டு தோடும் காதுலதான் இருக்கு. என்ன தேடுற?”

மாதக்கணக்கில் பேசாமலிருந்த தங்கை பேசிய முதல் பேச்சு அது.

எல்லோரும் அவள் காதைப் பார்த்தார்கள். அவளும் தொட்டுப் பார்த்தாள். இருந்தன.

“அந்தக் கிண்ணத்துல ஊத்தாத.”

“போன்ல ஆள் விட்டுச் சொன்ன. இப்ப நேர்ல வந்துட்டியா? குடுத்ததைப் பிடுங்கிட்டுப் போகத்தானே?”

“பிடுங்க வரல. ஒன்பதுல ஒண்ணு அடியில மெலிசு. சூடு பட்டா விட்டுடும். யார் கையிலாவது கொட்டிடும்.”

“கடை திறந்து முழுசா ஒரு காலைப்பொழுது ஆகல. வந்துட்டா ஓட்டையைத் தேடிக்கிட்டு.” சின்னவள் வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: “எங்க அக்காங்க. என் கல்யாணத்துல மாப்பிள்ளையைத் திருப்பிப் பார்க்காம விட்டது ஒண்ணுதான் பாக்கி.”

வரிசை சிரித்தது. திருப்பியக்காவுக்கு முகம் சுட்டது. வண்டியின் ஓரத்தில் இருந்த கிண்ண அடுக்கைக் கையில் எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள்.

“என்னம்மா, கள்ள நோட்டா பார்க்கிறீங்க?” என்றார் கட்டுப்போட்டவர்.

ஒன்று. நல்லது. இரண்டு, மூன்று. அடுத்ததில் அது இருந்தது. கிண்ணம் முழுக்கப் பழுப்பு நிழல். அடி நடுவில் மட்டும் அரிசி அளவு வெளிச்சம். அவள் அதைத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“பாரு.”

“பார்த்தேன். மெலிசா இருக்கு. நானும்தான் மெலிசா இருக்கேன், ஒடிஞ்சா போயிட்டேன்?”

“விளையாடாத.”

“யாரு விளையாடுறா?” சின்னவள் அந்தக் கிண்ணத்தை அக்கா கையிலிருந்து வாங்கினாள். பாத்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க ஒரு கரண்டி ஊற்றினாள். நிறைய. “நானே குடிக்கிறேன். கொட்டினா என் கையிலதானே கொட்டும்? அப்புறம் நீ எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்.”

“வண்டி மேல வச்சுப் பாரு. கையில வேண்டாம். சொன்னாக் கேளு.”

“சின்ன வயசுலேருந்து கேட்டாச்சு.”

இடது கையில் கிண்ணத்தை ஏந்திக்கொண்டே வலது கையால் அடுத்த ஆளுக்கு ஊற்றினாள், அந்த இன்னொரு கம்பெனிக் கிண்ணத்தில். உப்பு போதுமா என்று கேட்டாள். ஊதினாள். ஒரு வாய் குடித்தாள். நாக்கு சுட்டிருக்க வேண்டும், கண்ணில் நீர் கட்டியது, காட்டிக்கொள்ளவில்லை. இன்னொரு ஆளுக்கு ஊற்றினாள். இன்னொரு வாய்.

அக்காவுக்குத் தங்கையின் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எத்தனையோ நாள் கழித்துப் பக்கத்தில் வந்திருக்கிற முகம். காதோரம் நரை விழுந்த மாதிரி தெரிந்தது. கன்னம் ஒட்டியிருக்கிறதோ என்றும் பட்டது. ஆனால் கண்ணை அந்தக் கிண்ணத்தின் அடியிலிருந்து எடுக்க முடியவில்லை. விரல்களுக்கு நடுவே அடி தெரிகிற கொஞ்ச இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கை எப்போது கிளம்பித் தங்கையின் கைக்குக் கீழே போய் விரிந்துகொண்டது என்று அவளுக்குத் தெரியாது. ஏந்தினாற்போல அப்படியே இருந்தது.

“கையை எடு. பிச்சை கேட்கிற மாதிரி இருக்கு” என்றாள் சின்னவள்.

எடுக்கவில்லை.

கடைசி வாய் போயிற்று. சின்னவள் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். “ஒரு சொட்டு கொட்டல. எங்க போச்சு உன்...”

நிறுத்தினாள். கவிழ்ந்த கிண்ணத்தின் அடி அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. மயிரிழைத் தையலுக்கு உள்ளே, நடுவில், ஈரமாக ஒரு பொட்டு. அரிசி அளவில் இருந்தது இப்போது அவரைக்கொட்டை அளவுக்குப் பரவியிருந்தது. அதன் மேல் முத்து முத்தாக வியர்த்திருந்தது. சின்னவள் ஆள்காட்டி விரலால் தொட்டாள். சும்மா தொட்டதுதான். விரல் உள்ளே போய்விட்டது.

கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் விரல் நுனி நீட்டிக்கொண்டிருப்பதை இருவரும் பார்த்தார்கள். கட்டுப்போட்டவர் தன் கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாக வண்டி ஓரத்தில் இறக்கி வைத்தார்.

“எத்தனை இருக்கும்?” என்றாள் சின்னவள். குரல் மாறியிருந்தது.

“ஒன்பதுக்கு ஒண்ணு. பெட்டியில எல்லாம் கலந்து கிடக்கு. என் தப்பு. வலை கிழிஞ்சிருந்தது, ஈயம் வச்சேன். அங்க ஈயம் வைக்கக் கூடாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வச்சேன்.”

“ஏன் வச்ச?”

“உன் கடைக்கு நேரத்துக்கு வரணுமே.”

சின்னவள் விரலைக் கிண்ணத்திலிருந்து உருவினாள். முன்றானையில் துடைத்தாள். பிறகு வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: “எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. கையில கிண்ணம் இருக்கிறவங்க வண்டி மேல வச்சுக் குடிங்க. அடியில கையை வைக்காதீங்க. எங்க அக்கா பார்த்துத்தான் குடுப்பா.” கொஞ்சம் நிறுத்தி, “நானும் பார்ப்பேன்” என்றாள்.

பெட்டியை வண்டிக்குப் பின்னால் இழுத்தார்கள். ஆளுக்கு ஒரு அடுக்கு. வெயிலில் தூக்கிப் பிடித்து, நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம். அக்கா ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்தாள். சின்னவள் சீட்டாடுகிறவர் சீட்டைப் புரட்டுகிற வேகத்தில் புரட்டினாள். அக்காவின் கை தன் வேலைக்கு நடுவே தங்கையின் நல்ல அடுக்குக்குப் போயிற்று. மேலே இருந்த ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கியது.

“அது நான் பார்த்தது.”

“தெரியும். சும்மா ஒரு தடவை...”

“நான் பார்த்ததுன்னு சொன்னேன்.”

அக்கா அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வைத்தாள். தன் அடுக்கு முடிந்துவிட்டது. சின்னவளுக்கு இன்னும் பாதி இருந்தது. அடுத்தவர் பார்த்ததைப் பார்க்காமல் சும்மா நிற்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். கால் ஆடியது. தங்கை ஒரு கிண்ணத்தைத் தூக்கினாள், நல்ல பக்கம் போட்டாள். அடுத்ததைத் தூக்கினாள், ஒரு கணம் நிறுத்தினாள், கெட்ட பக்கம் எறிந்தாள். அந்த ஒரு கணத்தை அக்கா கவனித்தாள். சின்னவள் வேகமாகத்தான் பார்த்தாள், ஆனால் பார்த்தாள்.

கெட்டவை ஒரு சின்னக் குவியலாகச் சேர்ந்தன.

“இதை என்ன பண்றது?”

“குப்பைக் குழியில போடு. அதுவே மக்கிடும்.”

“வேண்டாம். அதுல மிளகுத் தூளும் உப்பும் போட்டு வைக்கிறேன். யார் வந்து கேட்டாலும் சொல்வேன், எங்க அக்கா தப்புப் பண்ணிக் குடுத்ததுன்னு.” சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். “வாழ்நாள்ல ஒரு தடவை.”

வரிசை நீண்டுகொண்டே போனது. சின்னவள் திரும்பக் கரண்டியை எடுத்தாள். முதல் ஆளுக்கு ஊற்றுவதற்கு முன்னால் தன் அடுக்கின் மேலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள், நிறைய சூப் ஊற்றினாள், அக்காவிடம் நீட்டினாள்.

“குடி. வேர்த்து ஊத்துது உனக்கு.”

“பட்டறைக்குப் போகணும். அந்த வலையைப் பிரிச்சு ஈயத்தைச் சுரண்டணும். புதுச் சுருள் வந்துச்சான்னு வேற கேட்கணும்.”

“குடிச்சிட்டுப் போ.”

அக்கா வாங்கிக்கொண்டாள். கொதிக்கிற சூப் நிறைந்த கிண்ணத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. தலைக்கு மேலே தூக்கினால் மூஞ்சியில் கொட்டும். அவள் ஊதினாள். ஒரு வாய் குடித்தாள். மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள். தங்கை ஆட்களுக்கு ஊற்றிக்கொண்டே ஓரக்கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“அடியில கையால தடவுற பாரு. அதுவும் பார்க்கிறதுதான்.”

அக்கா கட்டைவிரலை நகர்த்தி விளிம்பில் வைத்துக்கொண்டாள். விரல் அங்கே நிற்க மாட்டேன் என்றது. அவள் பிடித்து வைத்துக்கொண்டு, சூடு ஆறும்வரை காத்திராமல், மீதியைக் குடித்தாள்.